ஆபரேஷன் தேவைப்படாத வலி

"உங்களுக்கு ஆபரேஷனெல்லாம் தேவையே இல்லீங்க ஐயா" என்று நரம்பு டாக்டரம்மா சொன்னபோது, அந்த அறையில் சந்தோஷப்படாத ஒரே ஆள் நான்தான். டாக்டரம்மா சிரித்தார். ஓரமாக நின்ற நர்ஸ் சிரித்தார். என்னை ஸ்கூட்டரில் உட்கார வைத்துக் கூட்டி வந்த நண்பர், ஏதோ அவரே கத்தியிலிருந்து தப்பியவர் போல, சுவரில் இருந்த காலண்டர் முருகனைப் பார்த்துக் கும்பிடு போட்டார். எனக்கு மட்டும், பிளாட்பாரத்தில் காத்திருந்து காத்திருந்து கடைசியில் வண்டி ரத்து என்று அறிவித்ததைப் போல இருந்தது.

காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் மனைவி மெல்போர்னில் இருக்கிறாள். மகளின் பிரசவத்துக்குப் போனவள், குழந்தை குப்புற விழுந்ததும் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். குழந்தை குப்புற விழுந்தது. தவழ்ந்தது. பல் முளைத்தது. மகள் வேலைக்குத் திரும்பினாள். குழந்தையை விடுகிற காப்பகத்தில் இடமில்லை என்றார்கள். "விசாவை நீட்டிக்கட்டுங்களா?" என்று மனைவி கேட்டாள். "உன் இஷ்டம்" என்றேன். மகளுக்கும் அம்மா வேண்டுமே, நான் வேறென்ன சொல்ல? போத்தனூர் வீட்டில் நானும் ஃபிரிட்ஜும் கூட்ஸ் வண்டிச் சத்தமும் மிச்சமானோம்.

ஆனால் ஆபரேஷன் என்ற சொல்லுக்கு முன்னால் எந்தக் காப்பகமும் நிற்காது. அதைக் கேட்டால் அடுத்த விமானத்தில் அவள் இருப்பாள். நான் வாயைத் திறந்து வா என்று கேட்க வேண்டியதில்லை. டாக்டர் சொன்னால் போதும். அவரோ சொல்ல மாட்டேன் என்கிறார்.

ஆடிச் சாரல் முடிகிற சமயத்தில் அந்த வலி தொடங்கியது. வலி என்று சொல்வதுகூடச் சரியில்லை. வலது தொடையின் வெளிப்பக்கத்தில் ஒரு காந்தல். மிளகாய் அரைத்த கையால் யாரோ தடவிவிட்டுப் போனதைப் போல. நின்றால் வரும், நடந்தால் வளரும், உட்கார்ந்தால் அடங்கும். சில சமயம் அந்த இடமே மரத்துப் போய், வேட்டி உரசுவது தெரியாது. சில சமயம் வேட்டி உரசுவதே தாங்காது. ஒரே இடம் எப்படி மரத்தும் போகும், எரியவும் செய்யும் என்று கேட்காதீர்கள். முப்பது வருடம் அரசாங்க அலுவலகத்தில் இருந்தவனுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

நான் தொலைபேசித் துறையில் இருந்தவன். மண்ணுக்கடியில் போகிற கேபிளில் கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. எதற்கும் ஒரு நடைமுறை உண்டு, அதை முதலில் இருந்து கடைசி வரை ஒழுங்காகச் செய்தால் கோளாறு தானே வந்து நிற்கும் என்று நம்பினவன். "இவருக்கு உசுரு போறதா இருந்தாலும் நடைமுறைப்படிதானுங்க போகும்" என்று என் மனைவி உறவுக்காரர்களிடம் சொல்வாள். அந்த நடைமுறையில் முதல் பாடம்: புகார் வருகிற வீட்டில் கோளாறைத் தேடாதே. ஒருமுறை ஒரு வீட்டு போனில் ஓயாமல் கரகரவென்று சத்தம். போனை மாற்றினார்கள், வயரை மாற்றினார்கள், வீட்டுக்காரர் எங்களையே மாற்றச் சொல்லி மேலே எழுதினார். கடைசியில் நான் கேபிள் போகிற பாதையிலேயே நடந்து போய்ப் பார்த்தேன். நாலு தெரு தள்ளி ஒரு மளிகைக் கடைக்காரர், கேபிள் மேலே வருகிற இடத்தில் உப்பு மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தார். மூட்டையை நகர்த்தினோம். கரகரப்பு நின்றது.

இந்தப் பாடத்தை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த நான், என் தொடை எரிந்ததும் என்ன செய்தேன் என்றால், தொடைக்குத் தைலம் தேய்த்தேன்.

அந்த ஸ்கூட்டர் நண்பர்தான் காலையில் என்னோடு நடக்க வருபவர். மதுக்கரை சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் நடுவழியில் நின்று தொடையைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்து இரண்டே நாளில் முடிவு சொல்லிவிட்டார்.

"டிஸ்க்குதானுங்க. என்ற மச்சினனுக்கு இதே காலு, இதே காந்தலு. கடைசியில கத்தி வெச்சாத்தான் தீரும்னு சொல்லிப்போட்டாங்க."

"இப்ப எப்படி இருக்காருங்க?"

"அவனுக்கென்னுங்க கேடு. ஆபரேஷன்னு கேட்ட ஒடனே மகன் அமெரிக்காவுல இருந்து அடிச்சுப் புடிச்சு ஓடியாந்து, ஒரு மாசம் கூடவே கெடந்தானாக்கும்."

அந்த வாக்கியத்தின் பின்பாதி என் மனதில் உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகு நானும் டிஸ்க் என்றே நம்பத் தொடங்கினேன். நம்பினேன் என்பதைவிட, விரும்பினேன்.

நானே போய் முதுகுக்கு ஸ்கேன் எடுத்துக்கொண்டேன். தகர டிரம்முக்குள் படுக்க வைத்து, வெளியே இருந்து சம்மட்டியால் தட்டுவதைப் போல ஒரு அனுபவம். ரிப்போர்ட்டில் கீழ் முதுகின் டிஸ்க்குகள் பிதுங்கி இருக்கின்றன, ஒன்று நரம்பை லேசாகத் தொடுகிறது என்று இருந்தது. பரீட்சையில் பாஸான பையனைப் போல அதை இரண்டு தடவை படித்தேன். வீட்டுக்கு வந்து, அவளிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தைக் கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தேன். "ஒண்ணும் பயப்படாதே, சின்ன ஆபரேஷன்தான்." தமிழில் ஒரு ஆளைப் பயமுறுத்த 'பயப்படாதே' என்பதைவிட நல்ல சொல் கிடையாது. டாக்டர் வாயால் உறுதி ஆகிவிட்டால் அன்றைக்கே சொல்லிவிடுவது என்று இருந்தேன். அதுவரை காலைப் பற்றி அவளிடம் மூச்சு விடவில்லை.

இங்கே அந்த பெல்ட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேட்டிக்கு மேலே கட்டுகிற பச்சை பெல்ட். நாலு விரல் அகலம், பித்தான் வைத்த பை ஒன்று அதோடு சேர்ந்தே இருக்கும். என் அப்பா கிணத்துக்கடவுப் பக்கம் அடுத்தவர் தோப்பில் பாத்தி கட்டியும் தேங்காய் உரித்தும் வேலை செய்தவர். பச்சை பெல்ட் கட்டிய தோப்புக்காரர் வரப்பில் தெரிந்தால் அப்பாவின் தோளில் இருந்த துண்டு கக்கத்துக்குப் போய்விடும். பொழுது சாய்ந்ததும், கூலி கொடுக்க அந்தப் பை 'டக்'கென்று திறக்கும். அந்தச் சத்தம் எங்கள் வீட்டுச் சோற்றுச் சத்தம். அப்பா கடைசி வரை பெல்ட் கட்டியதில்லை. நான் அலுவலகத்துக்குப் பேண்ட்டில் போய் வந்தேன்.

ஓய்வு பெற்றதும் வேட்டிக்கு மாறினேன். ஆனால் எனக்கு வேட்டி இடுப்பில் நிற்காது. ஆஸ்திரேலியா கிளம்புவதற்கு முன்னால் என் மனைவி பொள்ளாச்சி சந்தைக்குப் போய் இந்த பெல்ட்டை வாங்கி வந்து, அவளே கட்டிவிட்டு, நாலடி தள்ளி நின்று பார்த்தாள்.

"தோப்பில்லாத பண்ணையக்காரருங்கோ!"

"எங்கப்பன் பாத்தா துண்டை எடுத்துக் கக்கத்துல வெச்சுக்குவாரு" என்றேன்.

"மாமனிருந்தா சிரிச்சிருப்பாரு. இங்க பாருங்க, வேட்டி அவுந்தா சொல்றதுக்கு நான் பக்கத்துல இருக்க மாட்டேன். போனையும் இந்தப் பையிலயே போட்டுக்கோங்க. நான் கூப்பிட்டா எடுக்கோணும், ஆமா."

குழந்தை தூங்கும்போதுதான் அவளால் கூப்பிட முடியும். குழந்தை எப்போது தூங்கும் என்பது குழந்தைக்கே தெரியாது. போன புதிதில் ஒரு தடவை நான் குளித்துக்கொண்டிருந்தபோது கூப்பிட்டிருக்கிறாள். எடுக்கவில்லை என்றதும் பக்கத்து வீட்டம்மாவுக்குப் போட்டு, அந்தம்மா எங்கள் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு "சார், இருக்கீங்களா? உசுரோட இருக்கீங்களா?" என்று கத்தும்படி ஆகிவிட்டது. அன்றிலிருந்து பெல்ட்டும் போனும் என் உடம்பின் உறுப்புகள். ஊருக்கெல்லாம் போன் இணைப்புக் கொடுத்தவன், ஒரு போனை இடுப்பில் கட்டிக்கொண்டு அது அடிப்பதற்காகச் சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

நரம்பு டாக்டர் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர், என் மகளைவிடக் கொஞ்சம் பெரியவர். நான் நீட்டிய ஸ்கேன் உறையை வாங்கி, திறக்காமலே ஓரமாக வைத்தார்.

"படத்தை அப்புறம் பாத்துக்கலாமுங்க ஐயா. மொதல்ல உங்களைப் பாக்கறேன்."

என் தொழில்காரர் என்று உள்ளுக்குள் ஒரு மரியாதை வந்தது. கூடவே ஒரு கவலையும். கேள்விகள் ஆரம்பித்தன. நின்றால் வருகிறதா, உட்கார்ந்தால் வருகிறதா? இருமினால், தும்மினால் காலில் பாய்கிறதா? முட்டிக்குக் கீழே போகிறதா? இரண்டு பாதத்திலும் எரிச்சல் உண்டா, சர்க்கரை எப்படி? படி ஏறும்போது கால் மடங்குகிறதா? ஒவ்வொன்றுக்கும் உண்மையைச் சொல்லச் சொல்ல, என் வழக்கை நானே கெடுத்துக்கொள்வது தெரிந்தது. இடையில் ஒரு முயற்சி செய்தேன்.

"இடுப்பும் லேசா வலிக்குதுங்க."

"எப்பருந்துங்க?"

"இப்பருந்து."

நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பெல்ட்டைக் கழற்றி நண்பர் கையில் கொடுத்துவிட்டு, திரைக்குப் பின்னால் போய்ப் படுத்தேன். டாக்டர் என் காலை முட்டி மடங்காமல் மேலே தூக்கினார். டிஸ்க் என்றால் அதற்கே கத்த வேண்டுமாம். எனக்குக் கத்த ஒன்றும் கிடைக்கவில்லை. சின்னச் சுத்தியலால் முட்டியில் தட்டினார். விசுவாசமில்லாத கால் ஜோராகத் துள்ளியது. பஞ்சை மெல்ல இழுத்து, பிறகு ஊசி முனையால் தொட்டுத் தொட்டு, "இங்க தெரியுதுங்களா? இங்க? இங்க வேற மாதிரி இருக்குதா?" என்று கேட்டுக்கொண்டே பால்பாயிண்ட் பேனாவால் தொடையில் கோடு போட்டுக்கொண்டு வந்தார். முடிந்ததும் எட்டிப் பார்த்தேன். தொடையின் வெளிப்பக்கம் ஒரு நீளத் தீவு. முட்டியைத் தொடுவதற்கு முன்பே முடிந்துவிட்டது.

"இந்த எடத்துக்குன்னே தனியா ஒரு நரம்பு இருக்குதுங்க ஐயா. தொட்டா, சுட்டா மேல சொல்றது மட்டுந்தான் அதோட வேலை. காலைத் தூக்கறது மடக்கறது எதுக்கும் அது பொறுப்பில்லை."

அப்படிப்பட்டவர்களோடு நான் நிறைய வேலை பார்த்திருக்கிறேன். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் இடுப்பெலும்பின் முன்முனைக்குப் பக்கத்தில் ஒரு விரலை வைத்துத் தட்டினார். கரண்ட் அடித்ததைப் போல ஒன்று அங்கிருந்து கிளம்பி அந்தத் தீவு முழுக்கப் பாய்ந்தது. இந்தத் தடவை நடிக்காமலே கத்தினேன்.

"கோளாறு இங்கதானுங்க" என்றார் டாக்டர். "தொடையில ஒண்ணுமே இல்ல. நரம்பு வயித்துக்குள்ள இருந்து இந்த எலும்போரமாத்தான் வெளிய வருது. இங்க எதையாச்சும் இறுக்கிக் கட்டறீங்களா?"

அப்போது திரைக்கு அந்தப் பக்கம் என் நண்பர் "அடச்சீ!" என்று அலறினார். அவர் மடியில் இருந்த பெல்ட் துடித்துக்கொண்டிருந்தது.

டாக்டர் திரையை விலக்கிப் பார்த்தார். பெல்ட்டைக் கையில் வாங்கினார். பையில் அகலமான, கனமான போன். மகள் வாங்கிக் கொடுத்தது. அதன் கனத்துக்குப் பெல்ட் வலப்பக்கம் இறங்குகிறது என்று நான் ஒவ்வொரு துளையாக இறுக்கிக்கொண்டே வந்திருந்தேன். அவள் போன பிறகு மூன்று வேளையும் ஹோட்டல் என்று ஆனதில் வயிறு வெளியே வந்துகொண்டிருந்தது; பெல்ட் உள்ளே போய்க்கொண்டிருந்தது. பழைய துளையின் தடத்தையும் இப்போதைய துளையையும் டாக்டர் மாறி மாறிப் பார்த்தார். பிறகு போன் பையை என் இடுப்பில் வைத்துக் காட்டினார். விரல் வைத்துத் தட்டிய அதே இடம்.

உப்பு மூட்டை கிடைத்துவிட்டது. அவள் கூப்பிடுவாள் என்று நான் கட்டிக்கொண்டு திரிந்த போன்தான்.

போன் துடித்து அடங்கியது. "எடுத்துப் பேசுங்க ஐயா" என்றார். "அப்புறம் பேசிக்கறேன்" என்றேன். வேட்டியைச் சரிசெய்துகொண்டு நாற்காலிக்கு வந்ததும் கடைசி ஆயுதத்தை எடுத்தேன்.

"அப்ப ஸ்கேன்ல வந்த டிஸ்க்குங்க?"

"அது உங்க வயசுக்கு முடி நரைச்ச மாதிரிங்க. முடி நரைச்சதுக்கு ஆபரேஷன் பண்ணுவாங்களா? டிஸ்க்கால நரம்பு அமுந்துச்சுன்னா வலி முட்டிக்குக் கீழ போகோணும், காலைத் தூக்கினா இழுக்கோணும். உங்களுக்கு எதுவும் இல்லை. படத்துல இருக்கறதெல்லாம் வலிக்காது."

பெல்ட்டை விட்டுவிட வேண்டும். இடுப்பை இறுக்குகிற எதுவும் கூடாது. வயிற்றைக் குறைக்க வேண்டும். எரிச்சல் அடங்க ராத்திரி ஒரு மாத்திரை. அது வலி மாத்திரை இல்லை, நரம்பை அமைதிப்படுத்துவது. முதலில் குறைந்த அளவில் தொடங்கி மெதுவாகக் கூட்டுவார்கள். தூக்கம் வரும், ராத்திரி எழுந்தால் விளக்கைப் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும். சர்க்கரையையும் ஒரு வைட்டமினையும் பார்க்க ரத்தப் பரிசோதனை. இதற்கெல்லாம் அடங்காவிட்டால் அந்த எலும்போரத்தில் ஒரு ஊசி. பெரும்பாலும் அதற்கே வேலை இருக்காது, சில வாரம் சில மாதத்தில் நரம்பு தானே தேறிவிடும் என்றார்.

"ஒரேயடியா ஆபரேஷன் பண்ணி முடிச்சுட்டா?" என்றேன்.

அப்போதுதான் அந்த 'தேவையே இல்லீங்க' வந்தது. எல்லோரும் சிரித்து முடித்தும் நான் எழுந்திருக்காததால், டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"கத்திக்குப் பயப்படறவங்களைத்தான் பாத்திருக்கறேன். உங்களுக்கு எதுக்குங்க ஐயா ஆபரேஷன் மேல இத்தனை ஆசை?"

நான் ஸ்கேன் உறையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். சிமெண்ட் ஆலைக்காரருக்கு வாயை மூடத் தெரியாது.

"ஊட்டுக்கார அம்மணி ஆஸ்திரேலியாவுல இருக்கறாங்க டாக்டரம்மா. பேத்தியப் பாத்துக்கறதுக்கு."

டாக்டர் மேசை மேல் இருந்த பெல்ட்டையும் போனையும் ஒரு நிமிஷம் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. மருந்துச் சீட்டை எழுதி முடித்துவிட்டு, "போனை ஃபிரிட்ஜு மேல வெச்சுருங்க. சத்தத்தைக் கூட்டி வெச்சா எந்த ரூமுல இருந்தாலும் கேக்கும்" என்றார்.

வீட்டுக்கு வந்து, சாப்பிடாமலே கூப்பிட்டேன். அங்கே விளக்குப் போட்டுவிட்டார்கள். அவள் தோளில் குழந்தை. முதுகைத் தட்டிக்கொண்டே பேசினாள்.

"மொகத்தைக் காட்டுங்க. எப்பப் பாத்தாலும் நெத்தியும் ஃபேனும்தான். காலையில கூப்பிட்டனே, ஏனுங்க எடுக்கலை?"

"ஆஸ்பத்திரியில இருந்தேன்."

தட்டிக்கொண்டிருந்த கை நின்றது. "என்னாச்சுங்க?"

அவள் குரலில் பெட்டி திறக்கிற சத்தமே கேட்டது. பின்னால், வேலையிலிருந்து வந்த உடையோடு நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்த மகள் தட்டோடு திரும்பினாள். "அப்பாவுக்கு என்னம்மா?" என்று கேட்டவள், தட்டை வைத்துவிட்டு, யாரும் சொல்லாமலே குழந்தையை வாங்கிக்கொண்டாள். அம்மா கிளம்பிவிடுவாள் என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது போல. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அப்படிக் கறுக்கும்.

ஸ்கேன் ரிப்போர்ட் என் முன்னால்தான் இருந்தது. எடுத்துக் காட்டினால் போதும். கண்ணாடி முன் பழகிய வாக்கியமும் நாக்கு நுனியில் இருந்தது.

"ஒண்ணுமில்ல" என்றேன். "பெல்ட்டு."

"பெல்ட்டா?"

எல்லாவற்றையும் சொன்னேன். ஆபரேஷன் பேச்சு, தீவு, சுத்தியல், நண்பர் மடியில் துடித்தது வரை. சிரித்தாள். புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும் வரைக்கும் சிரித்தாள். "பொள்ளாச்சி சந்தையில போயி நானே காசு குடுத்துச் சீக்கு வாங்கிட்டு வந்து கட்டியுட்டனாக்கும்" என்றாள். பிறகு சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

"அப்ப ஆபரேஷனெல்லாம் இல்லீங்களா?"

"இல்ல."

"அப்ப நான் வரத் தேவையில்லீங்களா?"

அந்தக் குரல் எனக்குத் தெரியும். காலையில் டாக்டர் அறையில் என் தொண்டைக்குள் இருந்த குரல். அதே வண்டிக்காக அவளும் அந்தப் பிளாட்பாரத்தில்தான் இத்தனை நாள் நின்றிருக்கிறாள்.

"தேவையில்லை" என்றேன். துறை ரீதியான பதில். பிறகு, "ஆனா வா" என்றேன்.

"எதுக்குங்க?"

"சும்மாதான். வா."

லைன் போய்விட்டதோ என்று திரையைத் தட்டிப் பார்த்தேன், பழைய பழக்கம். அவள் முகம் அங்கேயேதான் இருந்தது.

"இந்த ஒரு வார்த்தைக்கு ஒரு நரம்பே கெட்டுப் போகோணுமாக்கும். நீட்டிக்கட்டுங்களான்னு கேட்டா உன் இஷ்டம்னீங்க. என்ற இஷ்டம் என்னன்னு கேட்டீங்களா?" மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "தையில காப்பகத்துல கொழந்தைக்கு எடம் கெடைக்குமாமுங்க. சேத்திப்போட்டு வாரேன்."

"கெடைக்கலீன்னா?"

"கெடைக்கலீன்னா கொழந்தையத் தூக்கிட்டு வாரேன்."

"அம்மா!" என்று பின்னால் மகளின் குரல்.

தை வர இன்னும் நாள் இருக்கிறது. மாத்திரையால் காலையில் கொஞ்சம் மந்தமாக இருக்கிறது. காந்தல் ஒவ்வொரு வாரமும் ஓரம் தேய்ந்து வருகிறது; தீவின் நடுவில் மட்டும் இன்னும் தொட்டால் தெரிவதில்லை. அதற்கும் நாளாகும் என்றார் டாக்டர். வீட்டிலேயே சமைக்கிறேன், வயிறு குறைவதற்கு என் சமையலே போதுமான மருந்து. பெல்ட் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. போன் ஃபிரிட்ஜ் மேல்.

அடித்தால் தெருவுக்கே கேட்கிறது. எங்கே இருந்தாலும், அவிழ்கிற வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறேன். நேற்றும் அப்படித்தான் போய் நின்றேன்.

"மொதல்ல வேட்டியக் கட்டுங்க. ஊரெல்லாம் பாக்குது" என்றாள்.

போனை சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு, அவளுக்கு முன்னால் நின்று கட்டினேன். "அந்த முனைய உள்ள சொருகுங்க. இன்னொரு மடிப்பு. போதும், போதும், இறுக்காதீங்க. கொஞ்சம் லூசா உடுங்க. தைக்கு வந்து நான் கட்டியுடறேன்."